கைதட்டலா, ஊளையா?

பிடித்த பேஸ்பால் அணியின் நட்சத்திர வீரர் வாரக்கணக்கில் ஃபார்ம் இல்லாமல் திணறினால் ரசிகர் என்ன செய்வது? ஊளையிடலாம், இல்லை எழுந்து நின்று கைதட்டலாம்.

ஊளைக்கும் நியாயம் உண்டு. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் கோபப்படக் கூடாதா, என்ன? ஆனால் 2021 ஆகஸ்டில் நியூயார்க் மெட்ஸ் அணியில் அது எங்கே போய் நின்றது? ஹாவியர் பாயெஸ் உள்ளிட்ட சில வீரர்கள் சொந்த ரசிகர்களுக்கே கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். அப்புறம் மன்னிப்பு, சமாதானம்.

கைதட்டலுக்கு உதாரணம், வேடிக்கையாக, ஊளைக்குப் பேர்போன பிலடெல்ஃபியா. 11 ஆண்டு, 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ட்ரே டர்னரின் அடிச் சராசரி (மட்டை பிடித்ததில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பேஸுக்குக் கொண்டுசேர்க்கும் அடி, என்ற கணக்கு) 2023-இல் .235-க்குச் சரிந்திருந்தது. ஆகஸ்ட் 4 அன்று அவர் மட்டையோடு வந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. அதன்பின் சீசன் முடியும்வரை .337, 16 ஹோம்ரன்கள். நன்றி சொல்லி நகரில் விளம்பரப் பலகைகளே வைத்துவிட்டார்!

அந்தக் கால புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேல். 1952 உலகத் தொடரில் (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன்ஷிப் தொடர்) 21 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட அடிக்காத தங்கள் வீரர் கில் ஹாட்ஜஸுக்காகப் பிரார்த்தனையே செய்தார்கள். 1953-ஐ அவர் .302-இல் முடித்தார்.

எல்லாம் கைதட்டலின் மாயம் என்று சொல்ல மாட்டேன். நல்ல அடிப்பவர் எப்படியும் தன் பழைய அளவுக்குத் திரும்பக்கூடியவர்தான். ஆனாலும் என் ஓட்டு கைதட்டலுக்கே. பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடாமல் நடக்கிறவருக்கு மட்டும் தாராளமாக ஊளையிடலாம்.