நெடுந்தீவு ஒருநாள் சுற்று: படகு நேரம்தான் எல்லாம்

யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரக்கூடிய பழைய இடங்களில் நெடுந்தீவுக்குத்தான் முதலிடம் கொடுக்கலாம். ஒருநாள் பயணமாகப் போனால் ஐந்துக்கு மூன்றரை. குறைந்த ஒன்றரையும் தீவின் பிழையல்ல, போக்குவரத்தின் பிழை.

776 இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகப் படகு ஏறுகிற குறிகட்டுவானுக்குப் போகும். ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். இறங்குதுறையில் நீளமான வரிசை தெரிந்தால் அதில் போய் நிற்கவேண்டாம், அது பெரும்பாலும் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனம். நெடுந்தீவுப் படகைக் கேட்டு ஏறுங்கள். கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். உள்ளே வெக்கையும் டீசல் மணமும் சேர்ந்து வயிற்றைக் குமட்டும்; காற்றுப்படுகிற இடமாகப் பார்த்து இருங்கள். தென்மேற்குக் காற்று வீசுகிற சோழகக் காலத்தில் படகு நன்றாக ஆடும், வாடை மழைக்காலத்தில் சேவையே நிற்கலாம். போகும்போதே கடைசித் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர் சூழ்ந்துகொள்வார்கள். எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று ஏறமுதல் பேசுங்கள். பேசாவிட்டால் தெற்கு முனையிலுள்ள, கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய குவிந்தா கோபுரம்தான் முதலில் கழன்றுவிடும், தூரம் அதிகம். 1985 மே 15இல் குமுதினி என்கிற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி துறையடியிலேயே இருக்கிறது, முதலில் அங்கே நில்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) கட்டிய கோட்டையின் இடிபாடு. சுவரில் ஏறவேண்டாம், முருகைக்கல் உதிரும். பக்கத்திலேயே தூதுப்புறாக்கள் வளர்த்த கூடு. நடுவில் பொந்து விழுந்த பெருக்குமரத்துக்குள் (பாவோபாப்) ஆட்கள் நுழைந்து நிற்கலாம், படமெடுக்கிற கூட்டம்தான் தொல்லை. இவற்றையெல்லாம்விட வீட்டு வேலிகளைக் கவனியுங்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லோடு கல் கொளுவி அடுக்கியிருக்கிறார்கள். இடைவெளியால் காற்று ஊடுருவிப் போவதால் சுவரைத் தள்ளி விழுத்தாது. பல சுற்றுலா ஓட்டோக்கள் இதற்காக நிற்பதில்லை, நீங்கள்தான் நிறுத்தவேண்டும்.

போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை தெற்குப் பக்கத்து வெளிகளில் மேய்கின்றன. கோடையில் புல் காய்ந்து, தண்ணீர் தேடி எலும்பும் தோலுமாக அலையும். மழை முடிந்த தை, மாசியில் போனால் நல்ல நிலையில் பார்க்கலாம். கிட்டப் போகவேண்டாம், உதைக்கும்.

தீவில் பல கிணறுகள் உவர். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, கைக்காசு கட்டாயம். மதியச் சாப்பாட்டை இறங்கிய கையோடு கடையில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் பிளேன்ரீயும் பிஸ்கற்றும்தான்.