வீடு தேடி வரும் செவிலியருக்குப் பின்னால் இருக்கும் அலுவலகம்

அமெரிக்காவில் முதல் பிள்ளையைச் சுமக்கும் ஏழைத் தாய்மாரின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பும் ‘நர்ஸ் ஃபேமிலி பார்ட்னர்ஷிப்’ திட்டத்தை நடத்துபவை உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும்தான். அவற்றுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளிப்பது டென்வரில் உள்ள தேசியச் சேவை அலுவலகம். ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1977-இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த இத்திட்டம், குழந்தைக்கு 2 வயதாகும் வரை தொடர்கிறது.

இந்த ஆலோசனைச் சேவையின் பலம் அதன் கண்டிப்பு. முழுநேரச் செவிலியர் ஒருவரிடம் ஏறத்தாழ 25 குடும்பங்கள், ஒரு மேற்பார்வையாளரின் கீழ் அதிகம் போனால் 8 செவிலியர், வாரந்தோறும் தனித்தனியே மேற்பார்வை உரையாடல் என்று வரம்பு கட்டிவிடுகிறார்கள். செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகி முதலில் கைவைக்கும் இடங்கள் இவையே என்பதால், வெளியிலிருந்து ஒருவர் பிடித்து நிறுத்துவது நல்லதுதான். ஆனால் தகுதியுள்ள செவிலியரே கிடைக்காத சிற்றூர் நிறுவனத்துக்கு அதே கண்டிப்பு பெருஞ்சுமை.

பேறுகாலச் செவிலியர் சேவை எல்லோருக்கும் ஏற்கெனவே கிடைக்கும் இங்கிலாந்தில் இம்மாதிரியைச் சோதித்தபோது, முதன்மை அளவீடுகளில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே தேசிய அலுவலகத்துடன் ஒப்பந்தம் செய்யும் முன், தன் பகுதியில் தாய்மாருக்கு இப்போது என்ன கிடைக்கிறது என்பதை உள்ளூர் நிறுவனமே கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும்.