தகரக் கூரையும் மைக்கும்: ஐந்து வருடப் பாடு

“பொட்காஸ்ட் தொடங்கப் போறோம், என்ன மைக் வாங்கலாம் அண்ணே?” என்று யாராவது கேட்டால், “உங்க வீட்டுக் கூரை என்ன?” என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். தகரமா, ஓடா, கொங்கிரீட்டா? கேட்டவர்கள் சிரிப்பார்கள். மே மாதம் பிறந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

நாங்கள் தொடங்கியது 2020 மார்ச்சில். ஊரடங்கு போட்டு, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தையும் மூடியிருந்தார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் உள்ளே போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அடைந்து கிடந்த நாட்களில், அம்மாயி (அம்மாவின் அம்மா) சொன்ன பழைய கதைகளையும் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டுகளையும் போனில் பிடித்தேன். தங்கச்சி வெட்டி ஒட்டி வட்ஸ்அப்பில் போட்டாள். மேட்டு லயத்திலிருந்து, “எங்க அப்பாயிக்கும் பாட்டுத் தெரியும், வந்து பிடிச்சிட்டுப் போங்க” என்று ஆள் வந்தது. அதோடு மாட்டிக்கொண்டோம்.

ஊரடங்கு தளர்ந்ததும் செய்த முதல் வேலை, கொழும்புக்குப் போய்ப் பெரிய யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒன்று வாங்கியது. யூடியூபில் எல்லோரும் புகழ்ந்த வகை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதற்குக் காது அதிகம் என்பதைத் தவிர. இடைச்சுவர் கூரை வரை எட்டாத பழைய லயம் எங்களுடையது. பக்கத்துக் காம்பரா டிவி, அதற்கும் அடுத்த காம்பராவில் குழந்தை அழுவது, இரவில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் விசிறியின் இரைச்சல் எல்லாம் அம்மாயியின் குரலுக்குச் சமமாக வந்து உட்கார்ந்துகொண்டன. இரண்டாவது மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து, நெருப்பில் போட்ட உப்புப் போலப் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னில் மூடிவைத்தால் இரண்டு நாளில் சரியாகும். வெளியே எடுத்தால் மறுபடி வெடிக்கும். பனியில் வாழும் ஆட்கள் கண்டென்சர் வாங்கினால் டின்னும் சேர்த்து வாங்க வேண்டும்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை விடாது. விசிறி இரைச்சல், கரண்ட் ஹம் மாதிரியான சத்தங்கள் ஒரே சுருதியில் நிற்கும். மென்பொருளால் ஓரளவு வடிகட்டலாம். தகரத்தில் விழும் மழை அப்படி இல்லை. அடித்தொண்டையிலிருந்து கீச்சு வரைக்கும் எல்லா அலைவரிசையிலும் நிரம்பியிருக்கும், நொடிக்கு நொடி மாறும், மனிதக் குரல் இருக்கும் அதே இடத்தில்தான் அதுவும் இருக்கும். அதை அழித்தால் குரலும் சேர்ந்து அழியும். மிஞ்சுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

கூரையையே அமர்த்திப் பார்ப்போம் என்று ஒருமுறை கொழுந்துச் சாக்குகளைத் தைத்துத் தகரத்தின் மேல் விரித்தேன். நனைந்த சாக்கு துளியின் அடியை நன்றாகவே வாங்கிக்கொண்டது, பொய் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் காற்றில் எல்லாம் பறந்து கீழ் லயத்துக் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. அந்த வீட்டு அக்கா இன்றைக்கும் என்னைக் கண்டால், “வாத்தியாரே, சாக்கு வேணுமா?” என்பார்.

விடை கிடைத்தது 2021 கடைசியில் வாங்கிய சாம்சன் கியூ2யூவில். இது டைனமிக் மைக். ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் ஒலிக் கருவிகளில் சொருகும் எக்ஸ்எல்ஆர், ஹெட்போன் துளையும் அதிலேயே இருக்கிறது. டொலர் 200 ரூபாவாக இருந்தபோது வாங்கினோம். சில மாதத்தில் 360 வரை ஏறியது. அன்றைக்கு விட்டிருந்தால் பிறகு வாங்கியிருக்கவே மாட்டோம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டைனமிக் மைக்குக்கு மழை கேட்காது என்று சிலர் சொல்வது கதை. அதற்கும் கேட்கும். ஆனால் அதற்கு ஒலியுணர்வு குறைவு, அதனால் வாயை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். மழை அதே அளவில் நிற்கும். காப்பாற்றுவது இந்த நெருக்கம்தான். கண்டென்சரையும் நாலு விரலில் வைத்துப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மைக்கை வாய்க்கு நேரே நீட்டினால் வயதானவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். வீட்டில் “பொழுது விடியங்காட்டி பெரட்டுக்குப் போவோம்” (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்தான் பெரட்டு) என்று சொல்லும் அம்மாயி, மைக்கைக் கண்டதும் “அதிகாலையில் வேலைக்குச் செல்வோம்” என்று ரேடியோ செய்தி வாசிப்பார். அந்தப் பதிவுகளை வைத்திருக்கிறேன், கேட்கத்தான் மனமில்லை. ஸ்டாண்டில் மாட்டி, கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து வைத்து, பத்து நிமிடம் தேத்தண்ணி குடித்துச் சும்மா பேசினால் மறந்துவிடுவார். அந்தப் பத்து நிமிடமும் பதிவு ஓடவேண்டும். நல்லது பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.

கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்து வயரிங்கில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது. லெப்டொப் சார்ஜரில் இருந்தால் ‘ம்ம்ம்’ என்று 50 ஹேர்ட்ஸ் முனகல் பதிவில் ஏறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெட்டரியில் பதிவு செய்யுங்கள். செலவில்லாத வைத்தியம்.

2022இல் அந்தப் பிளக்கிலும் ஒன்றும் வரவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. லெப்டொப் செத்துக் கிடக்க, எங்களைக் காப்பாற்றியது நண்பர் ஒருவர் கைமாற்றிக் கொடுத்த சூம் எச்1என் என்ற கையடக்கப் பதிவுக் கருவி. இரண்டு ட்ரிபிள் ஏ பெட்டரி போதும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும்; 32 ஜிபி கார்டில் முப்பது மணித்தியாலம் போகும். இன்றைக்கு எங்கள் பதிவுகளில் பாதிக்கு மேல் இதில்தான். மேசையில் உட்கார்ந்து ஆட்களை வரவழைப்பதை விட்டு, நாங்களே அவர்கள் வீட்டு இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, போகத் தொடங்கியதும் இதனால்தான்.

குறையும் உண்டு. கையில் பிடித்தால் விரல் உரசுவது அப்படியே கேட்கும். கையடக்கக் கருவி எல்லாவற்றுக்கும் உள்ள குணம் அது. நான் மடித்த கம்பளியின் மேல் வைத்துவிடுவேன். காற்றுக்கு மேலே மாட்டும் பஞ்சுத் தொப்பி இல்லாமல் மலையில் எதையும் பதிவு செய்ய முடியாது. அடி இரைச்சலை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 120 ஹேர்ட்ஸில் போட்டால் மீதி இரைச்சலும் குறையும்.

மாசியில், மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தைப் பதிவு செய்யப் போனோம். தப்பு மேளத்தைத் தீயில் காட்டித் தோலை விறைக்க வைத்துவிட்டு அடிப்பார்கள் இல்லையா, அந்த முதல் அடியிலேயே எங்கள் பதிவு உடைந்துபோனது. ஒத்திகையில் சாதாரணமாக அடித்ததைக் கேட்டுப் பதிவின் ஒலி அளவை வைத்திருந்தேன். தோல் சூடேறினால் சத்தம் எவ்வளவு ஏறும் என்று யோசிக்கவில்லை. உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்ட முடியாது. மறுவருடம் கருவியின் ஒலி அளவு டயலை 2க்குக் கீழே இறக்கி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்து, இருபது அடி தள்ளி நின்றேன். ரதி அழும் இடத்தில் கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது வரைக்கும் துல்லியமாக வந்தது.

மென்பொருளுக்கு வருவோம். தொடக்கத்திலிருந்து ஒடாசிட்டிதான், இலவசம். பழைய பதிப்புகளில் ஒரு வேலையைச் சேமித்தால் சின்னக் கோப்பு ஒன்றும், ஒலி முழுவதும் இருக்கும் கோப்புறை ஒன்றும் தனித்தனியாக உருவாகும். நான் சின்னக் கோப்பை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, லெப்டொப்பைத் துடைத்துவிட்டேன். மூன்று பேரின் பேட்டி போனது, அதில் ஒருவர் இப்போது இல்லை. 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பு. அதற்குப் பிறகும் நான் சுருக்காத வேவ் ஒலிக் கோப்பாக இரண்டு இடத்தில் வைக்காமல் தூங்குவதில்லை.

இரைச்சல் குறைப்பில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன்: பிடித்த பிடியாக 12 டெசிபல், போதாதென்று இன்னொருமுறை. இப்போது 6, ஒரே தரம். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், குரல் உயிரோடு இருக்கும். மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியை நான் தொடுவதே இல்லை. அம்மாயி இறந்துபோன பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு ஏழு நொடி பேசாமல் இருந்தார். மென்பொருள் அதை அரை நொடியாக்கிவிட்டது. கேட்டால், அடுத்த வீட்டு ஆடு செத்ததைச் சொல்வது போல இருந்தது.

ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளையும் 60 நாள் இலவசமாகப் பார்த்தேன். பழைய லெப்டொப்பிலும் பறக்கிறது, தனியாள் உரிமம் 60 டொலர், நியாயமான விலை. தனியாக வேலை செய்பவராக இருந்தால் அதையே எடுத்திருப்பேன். தங்கச்சிக்கு ஒடாசிட்டி பழகிவிட்டது, வெட்டுவது அவள், அதனால் விவாதம் முடிந்தது. குரலைச் சுத்தம் செய்யும் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றிலும் அம்மாயியின் குரலை ஏற்றிப் பார்த்தோம். மழை மாயமாகிவிட்டது. ‘மழை’ என்ற சொல்லில் இருந்த ழகரமும் வேறு ஏதோவாகிவிட்டது. பொக்கை வாய்த் தமிழ் அதற்குப் பழக்கமில்லை போலிருக்கிறது.

போன வருடம் நீலகிரியில் இருக்கும் உறவுக்கார அத்தை ஒருவரைப் பேட்டி எடுத்தோம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப்போன குடும்பம். வட்ஸ்அப் அழைப்பை அப்படியே பதிவு செய்தால் குரல் நசுங்கும். அதனால் அழைப்பு ஒரு பக்கம் ஓட, அவர் பேரன் இன்னொரு போனில் அத்தையின் குரலைப் பதிவு செய்தான். இங்கே நான் என் குரலை. தொடக்கத்தில் இருவரும் ஒரு கை தட்டினோம், பிறகு அந்தத் தட்டல்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பொருத்தினேன். கோப்பை ‘ஒலி’யாக இல்லாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாமல் வரும். அரை மணிக்கு மேல் போனால் இரண்டு பதிவும் மெல்ல விலகும். நடுவில் ஒருமுறை வெட்டி நகர்த்த வேண்டியிருந்தது. அத்தை பேசிய தமிழ் அம்மாயியின் தமிழேதான். ஒரு சொல் கூட மாறவில்லை.

நிகழ்ச்சியை வெளியிட நாங்கள் எடுத்தது ஆங்கர் என்ற தளம், இலவசம் என்பதால். அது ஸ்பொட்டிஃபை ஃபோர் பொட்காஸ்டர்ஸ் ஆகி, 2024இல் இன்னொரு பெயராகி, இன்றும் வேலை செய்கிறது. அதே வருடம் கூகிள் பொட்காஸ்ட்ஸ் மூடப்பட்டது. எங்கள் ஆட்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்பது வட்ஸ்அப்பில். டேட்டா கார்ட் போட்டு மிச்சம் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு எம்பியும் கணக்கு. மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் அரை மணி நிகழ்ச்சி ஏறக்குறைய 14 எம்பி. பேச்சுக்கு அது தாராளம். ஒலி அளவை மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவுகோல்) என்று வைக்கிறோம். டவுனில் ஓட்டோ ஓட்டும் மாமா ஒருவர் பென் டிரைவில் கேட்டு வாங்கிப்போவார். அவருடைய செட்டில் தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், இப்போது எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் பெயர்.

வாங்காமல் தள்ளிப் போடுவது ஒன்றே ஒன்று: 32 பிட் ஃபுளோட்டில் பதிவு செய்யும் புதிய கருவி. அளவைத் தப்பாக வைத்தாலும் தப்பு மேளத்தின் சத்தத்தைப் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். கூத்து வாத்தியார் வரும் மாசிக்கும் கூப்பிட்டிருக்கிறார். தங்கச்சி, “டயலை ஒழுங்கா வச்சா பத்தாதா?” என்கிறாள்.