தெரிந்த ஆட்டத்துக்கு வேடமா, பந்திலிருந்து புது ஆட்டமா?

கதையில் வரும் கற்பனை உலகத்து மக்களுக்கு ஒரு பந்தாட்டம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். கால்பந்தையோ ஹாக்கியையோ எடுத்துப் பெயரும் உடையும் மாற்றுவது ஒன்று. அவர்கள் கையில் என்ன பந்து இருக்க முடியும் என்று பார்த்து, அதிலிருந்து விதிகளை எழுப்புவது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

முதல் வழியில் விளக்கும் வேலை மிச்சம். ஆட்டம் ஒரே காட்சியில் வந்து போகுமென்றால் அதுவே போதும். நீண்டால்தான் சிக்கல்: ரப்பர் மரமே வளராத பனிநாட்டில் பந்து மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும்.

பந்திலிருந்து தொடங்கினால் பாதி விதிகள் தானாக வந்துவிடும். மெசோஅமெரிக்காவில், அதாவது பழங்கால மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில், மரப்பாலோடு கொடிச்சாறு கலந்து கெட்டியான ரப்பர் பந்து செய்தார்கள். மெக்சிகோவில் இன்றும் ஆடும் உலாமாவில் பந்து 3 முதல் 4 கிலோ. அந்தக் கனத்தை இடுப்பால் அடிக்கிறார்கள்; அதனால் இடுப்பில் தோல் பட்டை. மியன்மாரின் சின்லோன் ஆட்டத்தில் பிரம்பில் பின்னிய லேசான பந்து. ஆறு பேர் வட்டமாக நின்று கீழே விழாமல் காலால் தட்டுவார்கள், எதிரணியே கிடையாது. இங்கிலாந்தின் ஆஷ்போர்ன் ஊரில் நடக்கும் பந்தாட்டத்தில் இரண்டு கோல்களுக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர், ஆட்டம் ஆற்றிலும் இறங்கும். பந்து மிதக்க வேண்டுமே, உள்ளே தக்கை.

எடை, துள்ளல் இரண்டையும் எல்லோரும் யோசிப்பார்கள். நான் முதலில் கேட்பது, பந்து கெட்டுப்போனால் யார் சரிசெய்வது என்பதை. தோல் பந்து நனைந்தால் கனக்கும், தையல் பிரியும். உள்ளே விலங்கின் சிறுநீர்ப்பை வைத்து ஊதியிருந்தால் அது காய்ந்து வெடிக்கும். ஆகவே தைப்பவர் ஆடுகளத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். எந்த அணியின் ஆள் அவர்? தளர்வாகத் தைத்தால் யாருக்கு லாபம்? கதைக்கு வேண்டிய சண்டை இங்கேயே கிடைக்கிறது. கடிகாரம் இல்லாத சமூகத்தில் ஆட்டம் எப்போது முடியும் என்ற கேள்விக்கும் விடை உண்டு: மூன்றாவது முறை தையல் பிரிந்தால் ஆட்டம் முடிந்தது. தோற்கும் அணி பந்தைப் பொத்திப் பாதுகாக்கும், முன்னிலையில் இருப்பவர்கள் அதைக் கல்லில் தேய்க்கப் பார்ப்பார்கள்.

இந்த வழியின் ஆபத்து, விதிகள் பெருகுவது. எப்படித் தொடலாம், எப்படிப் புள்ளி, எப்போது முடிவு: வாசகருக்கு இந்த மூன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். பிறகு ஏறக்குறைய அதே எடையுள்ள பந்தோடு நாலு பேரைப் பத்து நிமிடம் ஆடவிடுங்கள். ஒருவர் பந்தின்மேல் படுத்துக்கொண்டால் எழுப்ப விதி இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பறந்தோ நீருக்கடியிலோ ஆடும் ஆட்டங்களுக்கு இது எவ்வளவு ஒத்துவரும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே விழுவதும் துள்ளுவதுமே வேறு. ஆடிப் பார்க்கவும் முடியாது. அத்தகைய ஆட்டத்துக்கு அணி அமைப்பையும் புள்ளி முறையையும் தெரிந்த ஆட்டத்திலிருந்து கடன் வாங்கி, பந்தை மட்டும் புதிதாகச் செய்வேன்.