எண்ணும் எழுத்தும் எப்படி இருக்கு? கடலூர் ஓ.டி (ஓல்ட் டவுன்) பக்கத்துல இருந்து ஒரு அம்மாவோட ரிவ்யூ

ஸ்கூல் பேரு வேணாம், கடலூர் ஓ.டி பக்கம் ஒரு சின்ன அரசு தொடக்கப்பள்ளி. சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் அடியில இருந்து சொல்லித் தர்ற அரசுத் திட்டம் தான் எண்ணும் எழுத்தும். 2022ல அது ஆரம்பிச்சப்ப என் பையன் மூணாவது, கொரோனால வீட்லயே கெடந்து 'க'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாம இருந்தான். புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிப்பாங்க, இவன் மூணாவது படிச்சாலும் அடி நிலையான அரும்புல உக்கார வெச்சாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு, சண்டைக்கே போனேன். டீச்சர் கோவமே படல, "பாப்போம்மா, எழுத்து வரட்டும்"னாங்க.

அவங்க வேலை பாத்தா தான் புரியும். பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டி எழுத்து அட்டை, ஐஸ் குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கூட்டல், மீனவர் புள்ளைங்கன்றதால மத்தி ஒரு கூறு 50 ரூபா ரெண்டு கூறு வாங்கிட்டு 200 குடுத்தா மீதி எவ்ளோன்னு கேப்பாங்க பாருங்க, கிளாஸே கத்தும்.

கொறை இல்லாம இல்ல. ஒரே ரூம்ல மூணு கிளாஸ், ஒரே டீச்சர், இதுல மார்க்க போன்ல வேற ஏத்தணும், சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடுவாங்க, அதுக்குள்ள உள்ள ஒரே கூச்சல். சாயந்திரம் இல்லம் தேடி கல்வி திட்டத்துல தன்னார்வலரா வந்த அக்கா (மாசம் 1000 ரூபாய்க்கு இவ்ளோ பொறுமையா!) சொல்லிக் குடுத்ததும் ஒதவுச்சு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். இப்ப பஸ் போர்டெல்லாம் அவன் தான் எனக்கு படிச்சு சொல்றான், சின்னவளையும் அங்கயே சேத்துட்டேன்.