காசு கட்டாம டிடபிள்யூஜி பாக்க, மாத்த: லேசர் கட்டிங் ஜாப் ஒர்க்ல பல வருஷ அனுபவம்

கோயம்புத்தூர்ல லேசர் கட்டிங், பெண்டிங் ஜாப் ஒர்க் பண்றோம். டிராயிங் எல்லாம் வாட்ஸ்அப்லயும் மெயில்லயும்தான் வரும், ஒருத்தர் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் டிராயிங் சாஃப்ட்வேரோட ஃபைல்) அனுப்புவாரு, இன்னொருத்தர் ஸ்டெப் ஃபைல் (3டி மாடல்), சிலர் வெறும் பிடிஎஃப். நாங்க டிராயிங் போடுற ஆளுங்க இல்ல, வந்தத திறந்து பாக்கணும், அளவு செக் பண்ணணும், மெஷினுக்கு டிஎக்ஸ்எஃப்பா (வேற சாஃப்ட்வேரும் படிக்கிற டிராயிங் ஃபைல்) மாத்திக் குடுக்கணும், அவ்ளோதான். இதுக்குப் போய் வருஷா வருஷம் ஆட்டோகேட் சந்தா கட்டணுமான்னு யோசிக்கிற சின்ன யூனிட்காரங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கட்டத் தேவையில்ல, ஆனா ஒரே சாஃப்ட்வேர்ல எல்லாம் முடிஞ்சிரும்னும் நினைக்காதீங்க.

பாக்குறதுக்கு டிடபிள்யூஜி ட்ரூவ்யூ. ஆட்டோகேட் பண்ற ஆட்டோடெஸ்க் கம்பெனியே இலவசமா தர்றது, விண்டோஸ்ல மட்டும் ஓடும், இன்ஸ்டால் கொஞ்சம் பெருசு. ஒரு கோடு கூட நகத்த முடியாது, ஆனா டிராயிங் போட்டவர் ஆட்டோகேட்ல என்ன பாக்குறாரோ அதையே நாமளும் பாக்கலாம், லேயர் ஆஃப் பண்ணலாம், அளவு எடுக்கலாம், ஸ்கேல் போட்டு பிரிண்ட் எடுக்கலாம். புது வெர்ஷன் ஃபைல பழைய வெர்ஷனா மாத்துறதும் இதுலயே இருக்கு. அங்க மட்டும் ஒரு விஷயம், இன்-ப்ளேஸ்னு இருக்குற செட்டப்ப எடுத்தா ஒரிஜினல் ஃபைல் மேலயே எழுதிடும், அதனால கஸ்டமர் அனுப்புன ஃபைல தனி ஃபோல்டர்ல காப்பி வச்சுட்டு அப்புறம் மாத்துங்க.

ஃபைல் திறக்கலன்னா உடனே கெட்டுப்போச்சுன்னு கஸ்டமருக்கு போன் போட வேண்டாம். நோட்பேட்ல திறங்க, குப்பையாத்தான் தெரியும், ஆனா முதல் ஆறு எழுத்து படிக்கிற மாதிரி இருக்கும். ஏசி1015னா ஆட்டோகேட் 2000 ஃபார்மேட், ஏசி1018 2004, ஏசி1021 2007, ஏசி1024 2010, ஏசி1027 2013, ஏசி1032 2018. பழைய நெஸ்டிங் சாஃப்ட்வேர் (ஷீட்ல பார்ட்ட அடுக்கி வைக்கிறது) வச்சிருக்கவங்க பாதிப் பேருக்கு பிரச்சனையே இந்த வெர்ஷன்தான்.

மொத்தமா மாத்துறதுக்கு ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர். 1998ல ஆரம்பிச்ச ஓப்பன் டிசைன் அலையன்ஸ் தர்றது (கம்பெனில போடுறதுக்கு முன்னாடி லைசென்ஸ ஒரு தடவ படிச்சிடுங்க). டிராயிங்க காட்டவே காட்டாது, ஒரு ஃபோல்டர் உள்ள, ஒரு ஃபோல்டர் வெளிய, எந்த வெர்ஷன்னு கேக்கும், ஸ்டார்ட் குடுத்தா ஃபோல்டர்ல இருக்குற அத்தனையும் மாறிடும். எங்களுக்கு 2000 ஆஸ்கி (வெறும் எழுத்தா சேவ் ஆகுற) டிஎக்ஸ்எஃப் நல்லா செட் ஆகுது. ஆடிட் டிக் பண்ணி வைங்க, சின்னச் சின்ன எரர அதுவே சரி பண்ணிக்கும். எக்ஸ்ரெஃப் (வேற ஃபைல இணைச்சு வச்சிருக்கிறது) இருக்குற டிராயிங்னா அந்தத் துணை ஃபைலும் கையில இருக்கணும், இல்லன்னா அந்தப் பகுதி வராது.

இப்ப முக்கியமான விஷயம், அளவு. கன்வெர்ட்டர் ஃபைல் வகையத்தான் மாத்தும், உள்ள இருக்குற நம்பர தொடாது. இஞ்ச்ல போட்ட டிராயிங்ல 4 இஞ்ச் பிளேட் வெறும் 4னு தான் இருக்கும், மெஷின் சாஃப்ட்வேர் மில்லிமீட்டர்னு எடுத்துக்கிச்சுன்னா 101.6க்கு பதிலா 4 மில்லிமீட்டர்ல ஒரு துண்டு நிக்கும். அவ்ளோ சின்னதா வந்தா கண்ணுக்கே தெரிஞ்சிரும். 1:2 ஸ்கேல்ல வரைஞ்சு டைமென்ஷன மட்டும் கையால டைப் பண்ணி வச்ச டிராயிங்தான் ஆபத்து, பாக்க எல்லாம் சரியா இருக்கும், ஷீட் போன பிறகுதான் தெரியும். அதனால மாத்துன டிஎக்ஸ்எஃப்ல டைமென்ஷன் எழுத்த நம்பாம ரெண்டு ஹோல் சென்டர் தூரத்த அளந்து பிடிஎஃப்போட ஒத்துப் பாக்காம எங்க யூனிட்ல ஷீட் ஏத்துறதில்ல. பிடிஎஃப் கண்டிப்பா கேட்டு வாங்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, நம்மகிட்ட இல்லாத எஸ்எச்எக்ஸ் ஃபான்ட்ல (ஆட்டோகேட்டோட எழுத்து ஃபைல்) எழுதியிருந்தா டயா (விட்டம்) குறியும் டாலரன்ஸும் (அளவுல எவ்ளோ கூடலாம், குறையலாம்ங்கிறது) கேள்விக்குறியாவோ வேற எழுத்தாவோ வந்து நிக்கும்.

டைட்டில் பிளாக், டைமென்ஷன் எல்லாம் அழிச்சு கட்டிங் கோடு மட்டும் விட லிப்ரேகேட். க்யூகேட் கம்யூனிட்டி எடிஷன்ல இருந்து பிரிஞ்சு வந்தது, லேசா ஓடும். டிடபிள்யூஜியா சேவ் பண்ணாது, திறக்குறதும் நம்ப முடியாது, டிஎக்ஸ்எஃப்பா மாத்திட்டு குடுத்தா ஒழுங்கா வேலை செய்யும்.

ஸ்டெப் ஃபைலுக்கு ஃப்ரீகேட். பல வருஷமா வளந்து 2024 நவம்பர்லதான் 1.0 வந்துச்சு. கத்துக்க கொஞ்சம் நாள் ஆகும், ஆனா ஷீட்மெட்டல்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, அத போட்டா பெண்ட் பண்ண பார்ட்ட விரிச்சு ஃப்ளாட் பேட்டர்ன் எடுத்து டிஎக்ஸ்எஃப்பா தந்துரும். கே ஃபேக்டர் (வளைக்கும்போது ஷீட் எவ்ளோ நீளுதுன்னு கணக்குப் போடுற நம்பர்) மட்டும் உங்க பிரேக்ல (பெண்டிங் மெஷின்) ஸ்கிராப் துண்ட வளைச்சு அளந்து போடுங்க, யாரோ சொன்ன நம்பர போடாதீங்க. இந்த ஒரு வேலைக்காகவே அத செஞ்சு இலவசமா விடுறவங்களுக்கு மனசார நன்றி சொல்வேன்.

ஆன்லைன்ல அப்லோட் பண்ணா மாத்தித் தர்ற சைட்டுங்க நிறைய இருக்கு, கஸ்டமர் டிராயிங்க அதுல போடாதீங்க, அது அவங்க சொத்து. லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு ட்ரூவ்யூ கிடையாது, ஆனா ஓடிஏ, லிப்ரேகேட், ஃப்ரீகேட் மூணும் அதுல ஓடும், எங்க மெஷின் பக்கத்துல இருக்குற பழைய கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.