மலைக்கோட்டை பக்கம் ஒரு ஃப்ரேம் கடையும் பீரோ மேல கெடந்த என் கிருஷ்ணரும்

திருச்சியில தஞ்சாவூர் பெயின்டிங்க கையில வச்சுக்கிட்டு ஃப்ரேம் போட எங்க போறதுன்னு முழிக்கறவங்களுக்காக எழுதறேன். கடை பேர் போடல, ஏன்னா கடைசில ஒரு குறை சொல்லணும், அந்தப் பெரியவர் பொழப்புல மண்ணப் போட மனசு வரல. மலைக்கோட்டைக்குக் கீழ சாமி படம் ஃப்ரேம் போடற கடைங்க இருக்குல்ல, அதுல ஒண்ணு. ஒருத்தர் உள்ள போகணும்னா ஒருத்தர் வெளிய வரணும், அவ்ளோதான் கடை.

படம் நானே போட்டது. தவழ்ற கிருஷ்ணர், 15க்கு 12 இன்ச்சு. பிளைவுட்ல துணி ஒட்டி, படம் வரைஞ்சு, மக்குன்னு சொல்ற சுண்ணாம்புப் பொடி-கோந்துப் பசைய வச்சு நகையெல்லாம் புடைப்பா எடுத்து, கல்லு பதிச்சு, 22 கேரட் தங்க ரேக்கு, அதான் மெல்லிசான தங்கத் தாளு, ஒட்டி, அப்பறம் கலர், ஞாயித்துக்கிழமை மட்டும் கிளாஸுக்குப் போயி அஞ்சு மாசம். கழுத்து ஆரத்துல மட்டும் மூணு ஞாயிறு போச்சு. அந்த அஞ்சு மாசமும் எனக்கு ஒரு குறையும் தெரியலங்க, அதுதான் வேடிக்கை. மக்கு வைக்கறப்ப கை தானா போகும், டீ ஆறிப்போயி ஏடு கட்டிக் கெடக்கும், வீட்டுக்கு வந்தப்பறமும் விரல்ல அந்த கோந்து வாசனை இருக்கும், அவ்ளோ சந்தோஷமா இருந்தேன்.

கடைசியா மொகம். எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு மொகம் டீச்சர்தான் போட்டுக் குடுப்பாங்க, அது தப்பெல்லாம் இல்ல, கண்ணு கெட்டா மொத்தப் படமும் கெட்டுரும்ல. நான் வீம்புக்கு நானே போடறேன்னு உக்காந்தேன். போட்டேன். எடது கண்ணு ஒரு நூலு மேல ஏறிடுச்சு. அவ்ளோதான், அந்த நிமிஷத்துலேருந்து அஞ்சு மாச வேலையும் காணாமப் போச்சு, எனக்குத் தெரியறதெல்லாம் ஒரு கண்ணு மட்டும்தான்.

போன்ல போட்டோ எடுத்து எடமும் வலமும் மாத்திப் பாரு, புதுசாப் பாக்கற மாதிரி இருக்கும்னு ஒருத்தி சொன்னா. ஓவியம் போடறவங்க நெஜமாவே அப்படித்தான் செக் பண்ணுவாங்களாம். பண்ணேன். இப்ப வலது பக்கம் கண்ணு ஏறியிருந்துச்சு. ஒரே படத்துல ரெண்டு பக்கமும் தப்புக் கண்டுபிடிச்ச ஆளு நான்தான். கிளாஸ் குரூப்ல எல்லாரும் தன் படத்தப் போட்டு பூவும் கைத்தட்டலுமா வாங்கறாங்க, நான் "ஏதோ ட்ரை பண்ணேன்"னு போட்டு அரை மணி நேரத்துல டெலீட் பண்ணிட்டேன். நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா அவங்களுக்கு ரசனையே இல்லையோன்னு சந்தேகம் வேற வருது, இந்த வியாதிக்கு என்ன மருந்து சொல்லுங்க. பழைய பெட்ஷீட்ல சுத்தி பீரோ மேல வச்சதுதான், ஏழு மாசம் கெடந்துச்சு. எங்க அத்தைதான் ஒரு நாள் "சாமிய மூட்டை கட்டி வச்சிருக்கியேம்மா, வீட்டுக்கு ஆகுமா"ன்னு கேட்டாங்க. சாமி பயத்துலதான் கெளம்பினேனே தவிர கலை ஆர்வத்துல இல்ல.

இனிமே கடை.

பெரியவருக்கு அறுவது அறுவத்தஞ்சு இருக்கும், வெத்தல வாய். தஞ்சாவூர் பெயின்டிங்னு சொல்ல மாட்டாரு, பலகைப் படம்னுதான் சொல்றாரு, அந்தக் காலத்துல பலாப் பலகையிலதான் போடுவாங்க அதனால அந்தப் பேரு. பெட்ஷீட்டப் பிரிச்சாரு, டியூப்லைட்டுக்குக் கீழ சாச்சுப் புடிச்சாரு. "யாரும்மா போட்டது?" எனக்கு வாயில என்ன வந்துச்சோ, "தெரிஞ்சவங்க"ன்னுட்டேன். ஏன் பொய் சொன்னேன்னு இன்னிக்கும் புரியல. ஆனா சொன்ன ஒடனே தோள்லேருந்து ஒரு மூட்டை எறங்கின மாதிரி இருந்துச்சு, நானும் அவர் பக்கத்துல நின்னு யாரோ போட்ட படத்தப் பாக்கற மாதிரி பாத்தேன்.

அவர் கட்டை விரல மேல படாம ஓட்டி ஓட்டிக் காட்டினாரு. "மக்கு சுத்தமா வச்சிருக்காங்க, ஆரத்துல ஒரு எடத்துல கூட ஒடையல. ரேக்கு அசல், வாங்கறப்ப ஏமாறல. கண்ணு ஒண்ணு சித்த ஏறியிருக்கு." அடுத்த மூச்சுலயே, "ஃப்ரேம் ரெண்டு இன்ச்சு போடவா ரெண்டரை போடவா?"

நான் அப்படியே நின்னுட்டேன். ஏழு மாசம் தூக்கத்தக் கெடுத்த விஷயம், அவருக்கு அது பிளைவுட்டு தடிமன் மாதிரி ஒரு அளவு. பொய்யா பாராட்டவும் இல்ல, உச்சுக் கொட்டவும் இல்ல. கவனிக்காம விட்டிருந்தார்னா நான் நம்பியே இருக்க மாட்டேன், இவருக்கும் கண்ணு தெரியலன்னு பேசாம வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஃப்ரேம் விஷயம் சொல்றேன், இதுதான் உங்களுக்கு யூஸ் ஆகும். ஃபைபர்ல போட்டா 1,400 சொன்னாரு, தேக்குல செட்டிநாடு மாடல் 3,200. தேக்குதான் எடுத்தேன், ஓரத்துல வர்ற கறுப்பும் தங்கக் கோடும் அந்தப் படத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். முக்கியமானது கண்ணாடி. சாதா போட்டோவுக்குப் போடற மாதிரி கண்ணாடிய நேரா படத்து மேல வச்சு அழுத்தினா கல்லும் மக்கும் அதுல இடிக்கும், கல்லு பேந்துரும். நடுவுல சின்ன ரீப்பர் கட்டை குடுத்து கேப் விடணும். இவர் கேக்காமலே விடறாரு. வேற கடைல போட்டா நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க, கெஞ்சியாவது. கண்ணாடியே வேணாம்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க, தூசி ஏறினா அந்தப் புடைப்பு வேலைக்குள்ள தொடைக்கவே முடியாது, தொடைக்கப் போனா ரேக்கு கையோட வந்துரும்.

பின்னாடி ஆணி அடிக்க படத்தக் குப்புறப் போடணும்ல. அதுக்கு முன்னாடி தோச்ச வேட்டித் துண்டு ஒண்ண மேசையில விரிச்சு, படத்தப் பாத்து "கொஞ்ச நேரம் பொறுத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டுக் கவுத்தாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. நான் அந்தக் கிருஷ்ணர பெட்ஷீட்ல சுத்தி ஏழு மாசம் போட்டவ.

சரி, குறை. வெள்ளிக்கிழமை வாங்கன்னாரு, வெள்ளிக்கிழமை போனா கடையில அவர் பையன் மட்டும், "அப்பா கல்யாணத்துக்குப் போயிருக்காரு". அதுக்கடுத்த வெள்ளியும் பாலிஷ் காயல. பதினெட்டு நாள் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறதே இல்ல, ஜிபே கெடையாது, பில்லுன்னு குடுக்கறது காலண்டர் தாளக் கிழிச்சுப் பின்பக்கம் எழுதின ஒரு நம்பரு. வண்டிய அந்தத் தெருவுல நிறுத்தறத கனவுல கூட நெனைக்காதீங்க, தள்ளி எங்கயாவது விட்டுட்டு நடங்க.

வாங்க வந்தப்ப நியூஸ்பேப்பர்ல சுத்திக்கிட்டே சொன்னாரு, "அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லும்மா, அடுத்த படத்துக்கு நாலு பக்கமும் அரை இன்ச்சு சும்மா விட்டு வரையச் சொல்லு, பார்டர ஃப்ரேம் தின்னுருது." சிரிச்சாரா வெத்தலய மென்னாரான்னு தெரியல. சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

இப்ப ஹால்ல மாட்டியிருக்கு, சோபாவுலேருந்து பத்தடி. பத்தடியிலேருந்து நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்லங்க, போடறப்ப மூக்கு ஒட்டற தூரத்துலயே இருந்துட்டேன். சாயங்காலம் வெயிலு ஜன்னல் வழியா வந்து ஆரத்துல விழறப்ப, அத்தை மகாபாரதம் பாக்கறத விட்டுட்டு ஒரு நிமிஷம் அதப் பாக்கறாங்க. நானும் பாக்கறேன். எல்லா நாளும் இல்ல, சில நாள் சமையக்கட்டுலேருந்து வர்றப்ப அந்தக் கண்ணுதான் சுருக்குன்னு குத்தும், திரும்பிப் போயிருவேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு ஏன் கொறைச்சேன்னா, கண்ணாடிக்கு உள்பக்கம், கிருஷ்ணரோட கால் கட்டை விரலுக்குப் பக்கத்துல, கடுகுல பாதி சைஸ்ல ஒரு தூசி மாட்டியிருக்கு. கழட்டி எடுத்துத் தரச் சொல்லலாம், இன்னொரு பதினெட்டு நாள் ஆகும். வேணாம்னு விட்டுட்டேன். இப்பல்லாம் படத்துல மொதல்ல கண்ணுல படறது அந்தத் தூசிதான், அது பெரியவரோட தப்பு.